யாரைக் கூப்பிட்டது

ஆடியில் விளையாட்டு விழா வேண்டாமென்று
பெற்றோர் கூட்டத்திலேயே சொன்னேன்.
காற்றாலையில் வேலை பார்க்கிறவன் சொல்கிறானே என்று
ஒருத்தரும் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது பாருங்கள்,
காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு
பத்து மணிக்கெல்லாம் வள்ளியூர்ப் பக்கம் போய்விட்டது.
பந்தல் துணி ஒரு முனை கிழிந்து
தலைமையாசிரியை தலைக்கு மேல் படபடவென்று அடிக்கிறது.
மைக்கில் என்ன சொல்கிறார்களோ,
மேற்கு வளைவில் நிற்கும் எனக்கு ஒன்றும் எட்டவில்லை.
பணகுடிக் காற்று என் முதுகில் கைவைத்து
முன்னால் போ, போ என்கிறது.

எண்ணூறு மீட்டர், நாலு சுற்று.
பெரிய பிரிவில் நாலு பேர், சின்னப் பிரிவில் மூன்றே பேர்.
'சேர்ந்தே ஓடட்டும், பரிசும் ஒண்ணுதான்' என்றுவிட்டார்
அகஸ்டின் சார்.
இப்படித்தான் என் வீட்டுப் பத்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும்
ஒரே கோட்டில் வந்து நின்றன.

மூத்தவள் உலகம்மை, நீலப் பனியன்.
நாலு மாதமாக இருட்டிலேயே எழுந்து ஓடுகிறவள்.
நைட் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது
ரோட்டில் எதிரே வருவாள்.
கண் கூசாதிருக்க ஹெட்லைட்டை அணைப்பேன்.
பேசிக்கொள்ள மாட்டோம்.

சின்னவள் அபிநிலா, மஞ்சள்.
எல்லாவற்றுக்கும் பேர் கொடுப்பாள்
எதற்கும் பயிற்சி எடுக்க மாட்டாள்.
காலில் அக்காளின் பழைய ஷூ
நுனியில் பஞ்சு அடைத்து.

விசில்.

மேற்கே வரும்போதெல்லாம் முகம் நிறைய மண்.
முன்னால் ஓடும் மூத்தவள்
மொத்தக் காற்றையும் நெஞ்சில் வாங்குகிறாள்.
சின்னவள் அவள் முதுகுக்குப் பின்னால்
ஒரு முழம் விலகாமல் ஒட்டி வருகிறாள்.

ஒரு டவருக்கு நேர் பின்னால் இன்னொன்று நின்றால்
பின்னதற்குக் காற்றுக் குறையும்
என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன்.
மூத்தவள்தான் 'ம்' கொட்டினாள்.
சின்னவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.
யார் கேட்டது என்று
மூன்றாவது சுற்றில்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி வளைவு.
என்னைத் தாண்டியதும் மஞ்சள்
நீலத்தின் பின்னாலிருந்து வெளியே வருகிறது.
மூத்தவளுக்குத் தெரியவில்லை.
உலகு என்று கத்தினால்
இவளைக் காட்டிக் கொடுத்தவன் ஆவேன்.
அபி என்று கத்தினால்
அத்தனை இருட்டும் அணைத்த ஹெட்லைட்டும்
என்னை என்ன கேட்கும்?
ரெண்டு பேரும் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்க
வெளியே விழுந்தது

'ஏட்டி!'

வேண்டாத நேரத்தில் காற்று என் பக்கம்.
சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தது.
ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

அந்தத் திரும்பலுக்குள்
செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஜெனோவா,
பச்சைப் பனியன்,
புகுந்து போய்விட்டாள்.
அவளுக்கென்று யாரும் வந்திருக்கவில்லை.
கூப்பிட ஆளில்லாத பிள்ளை
நேரே பார்த்து ஓடியது.

அவளுக்கு ஹாட்பாக்ஸ்.
மூத்தவளுக்கு எவர்சில்வர் தட்டு.
தோள் அகலத்தில் தோற்ற சின்னவளுக்கு சோப்பு டப்பா.
நான் எல்லாருக்கும் கை தட்டினேன்
ஜெனோவாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, குற்றவாளியைப் போல.

எக்ஸெல் வண்டியில் மூன்று பேர்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
'எப்பா, யாரக் கூப்ட்டிய?' மூத்தவள்.
'ஒன்னத்தான்.' சின்னவள்.
'இல்லட்டி, ஒன்னத்தான். சொல்லுங்கப்பா.'

ஒருத்தியைப் பார்த்துத்தான் கத்தினேன்.
அவள் பெயர் நாக்கில் இன்னும் இருக்கிறது.
நாகர்கோவில் வண்டி வந்தது.
நல்ல நீளம், சாமி.
பெட்டி பெட்டியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்தபோது பின்னால்
டப்பாவுக்குள் தட்டு போகுமா என்று
சண்டை ஆரம்பித்திருந்தது.